டீன் டிராமாவைப் படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

ஊடகவியல் முதலாண்டில் 'பதின்வயதினர் தொடர்களும் சமூக ஊடகமும்' என்று ஒரு தலைப்பைக் கையில் கொடுத்தால் எல்லாருக்கும் முதலில் சந்தோஷம்தான் வரும். பார்க்க வேண்டியது தொடர், நோண்ட வேண்டியது போன், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு என்றால் யாருக்குக் கசக்கும்? எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது வாரம்தான் வயிற்றைக் கலக்கியது.

ஒரு தொடரின் ஹேஷ்டேகில் வந்த பதிவுகளை நாள்கணக்கில் உட்கார்ந்து சேகரித்து, 'இளம் பார்வையாளர்களின் எதிர்வினை' என்று தலைப்பு வைத்து, வழிகாட்டி ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை எழுதினவங்கள்ல எத்தனை பேர் பதினெட்டு வயசுக்குக் கீழே?" ஒருவரைப் பற்றிக்கூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அத்தனையும் வீண். அந்தக் கேள்வியிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் மூன்று பேரைப் பிரித்து வையுங்கள்

இந்தத் தலைப்பில் 'பதின்வயதினர்' என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்லும்போது மூன்று வேறு வேறு ஆட்கள் அதற்குள் ஒளிந்திருக்கிறார்கள். திரையில் வரும் பதின்வயதுப் பாத்திரம் ஒருவர். வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் பையனோ பெண்ணோ இரண்டாமவர். அந்தத் தொடரைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர் மூன்றாமவர்.

திரையில் இருப்பவரை எழுதியது பெரும்பாலும் பெரியவர்கள். பல நேரம் நடிப்பதும் பெரியவர்கள்தான். 1990ல் 'பெவர்லி ஹில்ஸ் 90210' தொடங்கியபோது பள்ளி மாணவி ஆண்ட்ரியாவாக நடித்த கேப்ரியல் கார்ட்டெரிஸுக்கு வயது 29. இணையத்தில் எழுதுகிறவருக்குப் பதினைந்தும் இருக்கலாம், முப்பத்தைந்தும் இருக்கலாம். தொடரின் விளம்பரக் குழுவில் சம்பளம் வாங்குபவராகவும் இருக்கலாம். நடுவில் இருக்கும் அந்த இரண்டாவது ஆள்தான் நமக்குத் தேவை. ஆனால் கண்ணில் படாதவரும் அவர்தான். பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போகிறவர்கள் ஏராளம். எழுதினாலும் நாலைந்து நண்பர்கள் மட்டும் இருக்கும் மூடிய குழுவில் எழுதுவார்கள்.

ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எழுத்தில் 'இளைஞர்கள்', 'டீன் ஏஜ் ரசிகர்கள்' என்று எங்கே வந்தாலும் பேனாவை நிறுத்தி, இந்த மூவரில் யாரைச் சொல்கிறோம் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஒரு தொடர், அதிலும் கொஞ்சம்

ஐந்து தொடர்களை ஒப்பிடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒரு தொடர் போதும், அதிலும் மூன்று எபிசோட் போதும். தொடக்கத்தில் ஒன்று, ஏதோ ஒரு ரகசியம் வெடிக்கும் எபிசோட் ஒன்று, சீசனின் கடைசி ஒன்று. முழு சீசனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது வெறும் ரசிகராகப் பார்ப்பது. படிப்பு அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

உங்களுக்கு உயிரான தொடரை எடுக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். எடுக்கலாம், ஆனால் முதல் பக்கத்திலேயே அதை ஒப்புக்கொண்டுவிடுங்கள். பிடிக்காத தொடரை எடுப்பதுதான் அதைவிட ஆபத்து என்பது என் அனுபவம். கிண்டல் செய்யும் ஆசை எழுத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போனைப் பின்தொடருங்கள்

இதுதான் இந்த வேலையில் ருசியான பகுதி. நோட்டு ஒன்றில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு ஐந்து பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது நிமிடம், காட்சியில் என்ன நடக்கிறது, போன் அங்கே என்ன வேலை செய்கிறது, திரையில் இருப்பது நமக்கு எப்படிக் காட்டப்படுகிறது, கையில் இல்லாதபோது போன் எங்கே கிடக்கிறது. ஐந்தாவது பத்தி எதற்கு என்று இப்போது கேட்காதீர்கள், கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவது பத்தியை நிரப்பும்போது ஒரு விஷயம் தட்டுப்படும். டீன் டிராமாவில் போன் சும்மா வருவதே இல்லை. ஒன்று, அது வில்லன்: படம் கசியும், வதந்தி பரவும், முகம் தெரியாத ஒருவர் மிரட்டுவார். 2010ல் தொடங்கிய 'பிரிட்டி லிட்டில் லையர்ஸ்' தொடரில் 'ஏ' என்ற ஒற்றை எழுத்துக் கையெழுத்தோடு வந்துகொண்டே இருக்கும் குறுஞ்செய்திகள்தான் கதையின் முதுகெலும்பு. இல்லையென்றால் அது தூதுவன்: காதல் முளைப்பது அதில்தான். அதுவும் இல்லையென்றால் தனிமையைக் காட்டும் பொருள், இருட்டறையில் நீல வெளிச்சம் விழுந்த ஒரு முகம். நிஜத்தில் நாம் போனில் செய்யும் முக்கால்வாசி வேலை இதில் எதிலும் சேராது. சும்மா தள்ளிக்கொண்டே போவது, பார்த்ததை அடுத்த நொடியே மறப்பது. அதை வைத்துக் கதை பண்ண முடியாது. அதனால் தொடர்களில் போன் எப்போதும் நிஜத்தைவிட அதிக ஆபத்தானதாகவும் அதிக அழகானதாகவும் தெரிகிறது. 'தொடர் யதார்த்தமாக இருக்கிறது' என்று எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது பத்திக்கும் அவசரப்படாதீர்கள். ஒரு குறுஞ்செய்தியைத் திரையில் காட்ட இயக்குநருக்கு நாலைந்து வழி உண்டு. போனின் திரையையே நெருக்கமாகக் காட்டலாம். அப்போது நடிப்பவரின் முகம் போய்விடும். எழுத்துகளை முகத்துக்குப் பக்கத்தில் மிதக்கவிடலாம். அப்போது முகமும் செய்தியும் ஒன்றாகத் தெரியும், ஆனால் நம் கண் எழுத்தைப் படிக்க ஓடிவிடும். பாத்திரத்தை வாய்விட்டுப் படிக்கவைக்கலாம், அது பெரும்பாலும் செயற்கையாக இருக்கும். செய்தியைக் காட்டாமலே விட்டு, படித்தவரின் முகத்தை மட்டும் காட்டலாம். 2022ல் வந்த 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொடரில் சார்லி ஒரு செய்தியைத் தட்டுவதும், அழிப்பதும், திரும்பத் தட்டுவதும் நம் கண்முன் நடக்கும். அனுப்பிய செய்தியைவிட அனுப்பாத செய்திதான் அங்கே வசனம். பழைய நாடகத்தில் இதற்குத் தனிமொழி என்று பெயர்.

நேர் எதிரான வழியை 2025 மார்ச்சில் வந்த 'அடொலசென்ஸ்' எடுத்தது. நான்கு எபிசோட், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் கொலைக் குற்றத்துக்குக் கைதாகிறான். இன்ஸ்டாகிராமில் அவனுக்கு வந்த எமோஜிகளின் அர்த்தம் விசாரிக்கும் அதிகாரிக்குப் புரியவில்லை. அவருடைய மகன்தான் பள்ளியில் வைத்து அப்பாவுக்கு விளக்குகிறான். எமோஜிகள் மிதந்து வருவதில்லை. ஒரு பிள்ளை பெரியவருக்குச் சொல்லித்தருவதைத்தான் நாம் பார்க்கிறோம். இது பதின்வயதினருக்கான தொடரா, அவர்களைப் பெற்றவர்களுக்கான தொடரா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் அதுவே ஒரு நல்ல கட்டுரை.

இன்னொரு சின்னக் குறிப்பு. பல தொடர்கள் நிஜமான செயலியின் பெயருக்குப் பதில் தாங்களே ஒரு பெயரை உருவாக்கிக்கொள்ளும். அனுமதித் தொல்லை ஒரு காரணம். எழுதுவதற்கும் வெளியாவதற்கும் நடுவில் ஓராண்டோ இரண்டாண்டோ ஓடிவிடும், அதற்குள் அந்தச் செயலியே பழையதாகிவிடும் என்ற பயம் இன்னொரு காரணம்.

தொடர் எப்படி வெளியானது என்று பாருங்கள்

தொடரைப் பார்த்தாயிற்று. இனி அது யாரால், எங்கே, எந்த வேகத்தில் வெளியிடப்பட்டது என்று தேடுங்கள். வாரம் ஒன்று வந்தால் நடுவில் ஆறு நாள் ஊகிக்கலாம், சண்டை போடலாம். மொத்தமாக ஒரே நாளில் இறக்கினால் பேச்சு சில நாளில் பொங்கி அடங்கிவிடும், ஸ்பாய்லர் பயத்தில் பாதிப்பேர் வாயே திறக்கமாட்டார்கள். இரண்டையும் ஒரே அளவுகோலில் அளந்து 'இதற்கு வரவேற்பு குறைவு' என்று எழுதினால் தப்பு.

இந்த விஷயத்தில் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டிய தொடர் நார்வேயின் 'ஸ்காம்'. அந்த நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஆர்கே 2015 செப்டம்பரில் தொடங்கியது, நான்கு சீசனோடு 2017 ஜூனில் முடிந்தது. மனதில் வைத்திருந்த பார்வையாளர் பதினாறு வயதுப் பெண்கள். உருவாக்கிய ஜூலி ஆண்டெம் முதலில் நாடெங்கும் பதின்வயதினரைச் சந்தித்துப் பேசிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தார். வெளியிட்ட விதம்தான் விசேஷம். கதையில் வெள்ளிக்கிழமை இரவு ஒரு விருந்து என்றால் அந்தத் துண்டுக் காட்சி வெள்ளிக்கிழமை இரவே வலைத்தளத்தில் வரும். பாத்திரங்களுக்கு இன்ஸ்டாகிராம் கணக்குகள் இருந்தன, அவர்களுடைய அரட்டைகளின் ஸ்கிரீன்ஷாட்களும் நடுநடுவே வரும். வாரக் கடைசியில் எல்லாத் துண்டும் சேர்ந்து ஒரு எபிசோடாகும். பெரிய விளம்பரம் கிடையாது. பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளட்டும், பெரியவர்கள் காதில் அப்புறம் விழட்டும் என்பதுதான் திட்டம்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கதாநாயகிக்கு அவள் விரும்புகிறவன் பதில் போடவில்லை என்றால் பார்க்கிறவருக்கும் பதில் வராது. அவளோடு சேர்ந்து நாமும் காத்திருக்க வேண்டும். சமூக ஊடகம் இங்கே விளம்பரப் பலகையாக இல்லை, கதை நடக்கும் இடமாகவே இருக்கிறது. அப்புறம் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், அமெரிக்கா என்று பல நாடுகளில் இதை மறுபடி எடுத்தார்கள். அமெரிக்கப் பதிப்பு ஃபேஸ்புக்கிலேயே வந்தது.

இதற்கு முன்னோடியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சமூக ஊடகம் என்ற சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே, 1990களின் கடைசியில், 'டாசன்ஸ் க்ரீக்' தொடருக்கு ஒரு வலைத்தளம் இருந்தது. கதாநாயகனின் கணினிக்குள் நுழைந்து அவன் மின்னஞ்சலையும் நாட்குறிப்பையும் எட்டிப்பார்க்கிற மாதிரி அமைத்திருந்தார்கள்.

இணையத்தில் சேகரிப்பது

நான் மண்ணைக் கவ்விய இடம் இது என்பதால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

சேகரிக்கும் முன் விதியை எழுதிவையுங்கள். எந்தத் தளம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த ஹேஷ்டேக், எதைச் சேர்ப்போம், எதை விடுவோம். விதி இல்லாமல் இறங்கினால் உங்களுக்குப் பிடித்ததை மட்டும்தான் கை பொறுக்கும். உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து தேடாதீர்கள். உங்கள் ஃபீடு இத்தனை வருடமாக உங்களுக்கென்றே வளர்ந்த பிராணி. அது உங்களைத்தான் காட்டும், உலகத்தைக் காட்டாது. புதிதாக ஒரு கணக்கு தொடங்குங்கள். அதுவும் சில நாளில் உங்களைப் புரிந்துகொண்டுவிடும் என்பதையும் எழுதிவைத்துவிடுங்கள். பதிவுகள் அழிந்துபோகும், ஆகவே பார்த்த அன்றே தேதியோடு சேமித்துவிடுங்கள்.

அப்புறம், பரவுவது தொடர்தானா என்று பாருங்கள். 2022 நவம்பரில் வந்த 'வென்ஸ்டே' தொடரின் நடனக் காட்சி நல்ல உதாரணம். தொடரில் ஜென்னா ஒர்டேகா ஆடியது 'தி கிராம்ப்ஸ்' இசைக்குழுவின் பாட்டுக்கு. டிக்டாக்கில் கோடிக்கணக்கானோர் பார்த்தது லேடி காகாவின் 2011ஆம் ஆண்டுப் பாட்டின் வேகம் கூட்டிய வடிவத்தோடு ரசிகர்கள் ஒட்டிய துண்டை. பிறகு லேடி காகாவே அந்த நடனத்தை ஆடிக் காட்டினார். ஆடியவர்களில் எத்தனை பேர் அந்த எபிசோடைப் பார்த்திருப்பார்கள்? அந்தக் காணொளிகளை எண்ணி 'தொடரின் வரவேற்பு' என்று எழுதினால் என் ஆசிரியர் என்னிடம் கேட்டதை உங்களிடமும் யாராவது கேட்பார்கள். துண்டு தனியாகக் கிளம்பிப் போய் வேறு பிழைப்பு பார்க்கிறது. அதை அப்படியே, வேறு விஷயமாகவே, ஆராயுங்கள்.

எண்ணிக்கையை நம்பி மட்டும் உட்கார வேண்டாம். ஆயிரம் லைக்கைவிட, ஒரு பெண் தன் தோழியோடு பத்து கமெண்டில் 'அவன் செய்தது சரியா' என்று சண்டை போடுவதுதான் உங்களுக்குத் தீனி.

வயதைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், நடக்காது. பெரும்பாலான தளங்கள் குறைந்தபட்ச வயது 13 என்கின்றன. அதற்குக் கீழே இருப்பவர்கள் பிறந்த வருடத்தை மாற்றிப் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழானவர்கள் முக்கியமான தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த நாட்டுப் பதிவுகளில் இனிப் பதினைந்து வயதுக்காரரைத் தேடினால், இருந்தாலும் இல்லாத மாதிரிதான் இருப்பார். 'இந்தத் தொடரைப் பற்றிப் பொதுவெளியில் பேசுகிறவர்கள்' என்று எழுதுங்கள். அடக்கமாக இருக்கும், உண்மையாகவும் இருக்கும்.

பிள்ளைகளின் பதிவுகளைக் கையாளும்போது

பெயர், கணக்கின் பெயர், முகப்புப் படம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். அது மட்டும் போதாது. ஒரு பதிவை வரிக்கு வரி மேற்கோள் காட்டினால் அதைத் தேடுபொறியில் போட்டு ஆளைப் பிடித்துவிடலாம். அதனால் சாரத்தை உங்கள் சொற்களில் சொல்லுங்கள். ரசிகையாக வேஷம் போட்டு மூடிய குழுக்களில் நுழையவே கூடாது. பதினெட்டு வயது ஆகாதவர்களை நேரில் பேட்டி எடுப்பதானால் அவர்களுடைய சம்மதமும் பெற்றோர் சம்மதமும் எழுத்தில் வேண்டும், கல்லூரியின் அனுமதியும் வேண்டும். இதற்கே ஒரு மாதம் போகும். முன்கூட்டியே தொடங்குங்கள்.

'கெடுக்கிறதா?' என்ற கேள்வி

வீட்டில் யாரிடம் தலைப்பைச் சொன்னாலும் இதைத்தான் கேட்பார்கள். கேட்கட்டும். நீங்கள் அதற்குப் பதில் சொல்லக் கிளம்பாதீர்கள். ஏன் என்று ஒரு உதாரணம். '13 ரீசன்ஸ் வொய்' தொடரை நெட்ஃபிளிக்ஸ் 2017 மார்ச் கடைசியில் வெளியிட்டது. ஒரு மாணவியின் தற்கொலையைக் காட்டிய விதம் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. 2019 ஜூலையில் அந்தக் காட்சியை நீக்கினார்கள். அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, தொடர் வந்த அடுத்த மாதம் அமெரிக்கச் சிறுவர்களிடையே தற்கொலை கூடியதாகக் கண்டது. மறுவருடம் வேறொரு ஆய்வாளர் அதே தரவை வேறு முறையில் பார்த்து, அந்த முடிவு தேறவில்லை என்றார். தேர்ந்த ஆய்வாளர்களே தரவைக் கையில் வைத்துக்கொண்டு மோதும் கேள்வி இது. மூன்று எபிசோடையும் நூறு பதிவையும் வைத்து நாம் தீர்த்துவிட முடியாது.

உங்களால் பதில் சொல்ல முடிந்த கேள்விகள் சின்னவை. இந்தத் தொடர் எந்தப் பெண்ணின் படம் கசியும்போது நம்மை அவள் பக்கம் நிறுத்துகிறது, எவளுடைய படம் கசியும்போது வேடிக்கை பார்க்கவைக்கிறது? பெற்றோர் எப்போது போனைப் பிடுங்குகிறார்கள், அப்போது காமிரா யார் தோளுக்குப் பின்னால் நிற்கிறது? ரசிகர்கள் தொடரின் காட்சிகளை வெட்டி ஒட்டித் தாங்களே காணொளி (ஃபேன் எடிட்) செய்யும்போது எந்தக் காட்சியை விட்டுவிடுகிறார்கள்? இவற்றுக்கு நோட்டைப் புரட்டினாலே பதில் இருக்கும்.

கோட்பாடு ஒன்று போதும். பாத்திரத்தைத் தோழிபோல நினைத்து அதன் கணக்கைப் பின்தொடர்வதைப் பேசப்போகிறீர்கள் என்றால் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956லேயே எழுதிய 'பாராசோஷியல்' உறவு, அதாவது ஒருதலை நெருக்கம், கைகொடுக்கும். ஒரே காட்சியை ஒருவர் அப்படியே ஏற்க, ஒருவர் பாதி ஏற்க, ஒருவர் எதிர்த்து நிற்பதைப் பேசுவதானால் 1970களில் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் சொன்னது. இரண்டையும் சேர்த்து அடுக்கினால் பக்கம்தான் கூடும்.

எழுதி முடித்தபின்

கட்டுரையை ஒரு காட்சியோடு தொடங்குங்கள், 'இன்றைய நவீன உலகில்' என்று வேண்டாம். எந்த நிமிடம், யார் கையில் போன், என்ன தெரிகிறது, அங்கிருந்து கேள்விக்குப் போங்கள். சேகரித்த விதியையும் விட்டுப்போனதையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன், அந்தத் தொடரைப் பார்த்த பதின்வயதுக்காரர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நான் இரண்டாம் முறை எழுதியதை என் சித்தி மகளிடம் கொடுத்தேன். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. போன் வரும் காட்சி அத்தனையையும் பட்டியல் போட்டு நான் பெருமையாக எழுதியிருந்த பக்கத்தைப் படித்துவிட்டு, "அம்மா ரூமுக்குள்ள வந்ததும் அவ போனைக் கவுத்து வைக்கிறாளே, அதை ஏன் எழுதல? அதானே அந்த சீனே" என்றாள். போய்ப் பார்த்தேன். மேஜையில் கவிழ்த்து வைத்த போன், மொத்தம் இரண்டு நொடி. அதே எபிசோடில் இன்னும் மூன்று இடத்தில் அப்படிக் கவிழ்ந்து கிடந்தது. ஒரு இடத்தில் மட்டும், தோழி உள்ளே வரும்போது, நிமிர்ந்தே இருந்தது. ஐந்தாவது பத்தி அன்றைக்குப் போட்டதுதான்.